குழந்தையின் கழுத்தில் பிறவித் துளை: பெரிய வெட்டு வேண்டுமா, சின்னதில் முடியுமா?

கழுத்தில் ஊசி குத்தியது போல ஒரு துளை, அதிலிருந்து எப்போதாவது வழுவழுப்பாக ஒரு சொட்டு. அல்லது வெளியே துளையே தெரியாமல், இடது கழுத்தில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சீழ்க்கட்டி. இந்த இரண்டு காரணங்களுக்காகத்தான் பெரும்பாலான பெற்றோர் குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரிடம் வந்து சேர்கிறார்கள். வரும்போதே "கீஹோல்", "லேசர்", "தழும்பில்லாமல்" என்ற சொற்களும் கூடவே வருகின்றன. அவர்கள் கேட்கும் கேள்விகளும், அவற்றுக்கு என் பதில்களும் இவை.

இது எப்படி வந்தது? கர்ப்ப காலத்தில் ஏதாவது தப்பு செய்துவிட்டோமா?

இல்லை. கரு உருவான நான்காவது வாரத்தில் அதன் கழுத்துப் பகுதியில் இரு பக்கமும் வரிசையாகச் சில வளைவுகள் தோன்றும். தாடை, காது, தொண்டை, குரல்வளை எல்லாம் இவற்றிலிருந்துதான் வருகின்றன. வளைவுகளுக்கு இடையே வெளிப்பக்கம் பள்ளமும் உட்பக்கம் பையும் இருக்கும். எட்டாவது வாரத்துக்குள் இவை மூடி மறைந்துவிட வேண்டும். ஏதாவது ஒன்று முழுதாக மறையாமல் நின்றுவிட்டால் குழாயாகவோ பையாகவோ தங்கிவிடும். பல தாய்மார்களுக்குக் கர்ப்பம் என்று தெரிய வருவதே அந்த வாரங்களில்தான். கிரகணத்தன்று வெளியே வந்தது, பப்பாளி சாப்பிட்டது, மாடி ஏறியது எதற்கும் இதில் பங்கு கிடையாது. பாட்டிமார்களிடமும் சொல்லிவிடுங்கள்.

சிஸ்ட், சைனஸ், ஃபிஸ்டுலா என்று மூன்று பெயர் சொல்கிறார்களே?

மூன்றுக்கும் மூலம் ஒன்றுதான். இரு முனையும் மூடிய பை சிஸ்ட். ஒரு முனை மட்டும் திறந்திருந்தால் சைனஸ். தோலிலிருந்து தொண்டைக்குள் வரை வழி இருந்தால் ஃபிஸ்டுலா. பேச்சில் எல்லோரும் ஃபிஸ்டுலா என்றே சொல்லிவிடுகிறோம், இந்தப் பக்கத்திலும் அப்படித்தான் வரும்.

துளை இருக்கும் இடத்தை வைத்தே வகையைச் சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்புக்கு இறங்கும் தசையை, குழந்தை தலையைத் திருப்பும்போது பார்க்கலாம். அதன் முன் ஓரத்தில், கழுத்தின் கீழ்ப்பகுதியில் துளை இருந்தால் அநேகமாக அது இரண்டாம் வளைவைச் சேர்ந்தது. கழுத்துப் பக்கவாட்டில் வரும் இந்தக் கோளாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இந்த வகைதான். தாடைக் கோணத்துக்கு அருகிலோ காதுக் குழாய்க்குள்ளோ திறந்தால் முதல் வளைவு. வெளியே துளை இல்லாமல் இடது கழுத்தில் ஆழத்தில் சீழ் வைத்துக்கொண்டே இருந்தால், தொண்டையின் அடியில் உள்ள பைரிஃபார்ம் சைனஸ் என்ற குழியிலிருந்து வரும் ஃபிஸ்டுலாவைச் சந்தேகிக்க வேண்டும். மூன்றாம், நான்காம் வளைவு என்று எழுதுவது இதைத்தான். நடுக்கழுத்தில் இருந்தால் அது வேறு கதை, பின்னால் வருகிறேன்.

"பிரைமரி காம்ப்ளக்ஸ்" (குழந்தைகளுக்கு வரும் காசநோய்) என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்களே?

நம் ஊரில் இது அடிக்கடி நடக்கிறது, முழுக்கத் தவறென்றும் சொல்ல முடியாது. கழுத்தில் நெறி கட்டி, உடைந்து, கசிந்துகொண்டே இருந்தால் காசநோயை நினைக்கத்தான் வேண்டும். ஆனால் சில வித்தியாசங்கள் உண்டு. பிறவித் துளை பிறந்ததிலிருந்தோ கைக்குழந்தைப் பருவத்திலிருந்தோ இருக்கும். சுற்றியுள்ள தோல் சுத்தமாக இருக்கும். வருவது தெளிந்த கோழை. காசநோய் நெறி பிறகு வந்தது, உடைந்த இடத்தின் ஓரம் நீலம் பாரித்து மெலிந்து கிடக்கும், பக்கத்திலேயே இன்னும் சில நெறிகள் கைக்குத் தட்டுப்படும். சீழை எடுத்துப் பரிசோதிக்காமல், ஸ்கேன் பார்க்காமல், மாதக்கணக்கில் மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால் "எந்த ஆதாரத்தில்?" என்று கேட்பதில் தப்பில்லை. அதே சமயம் நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது.

சொட்டுகிறது, ஆனால் வலி இல்லை. அப்படியே விட்டுவிடலாமா?

தானாக மூடாது. உள்ளே கோழை சுரக்கும் படலம் உயிரோடு இருக்கும் வரை சுரந்துகொண்டுதான் இருக்கும். விடுவதில் உள்ள சிக்கல் தொற்று. ஒருமுறை சீழ் பிடித்துவிட்டால் குழாயைச் சுற்றியுள்ள திசுக்கள் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எது குழாய், எது நரம்பு, எது தழும்பு என்று பிரிப்பது கடினம். பாடநூல்களில் வரும் பழைய கணக்கு ஒன்று உண்டு. தொற்று வராத குழந்தைக்கு முதல் முறையே முழுதாக எடுத்தால் திரும்ப வருவது 3 சதவீத அளவில்தான். ஏற்கெனவே அறுவை செய்தோ தொற்று வந்தோ இருந்தால் அது 20 சதவீதத்தைத் தொடுகிறது. சின்ன வெட்டில் முடிப்பதற்கு உங்களிடம் இருக்கும் பெரிய வாய்ப்பு, தொற்று வருவதற்கு முன்பே செய்துவிடுவதுதான். கருவியெல்லாம் அதற்கு அடுத்தது.

அதுவரை துளையைப் பிதுக்க வேண்டாம். மஞ்சள் பற்று, சுண்ணாம்பு, பிளாஸ்திரி எதுவும் வேண்டாம். குளிப்பாட்டும்போது தண்ணீரால் துடைத்துவிட்டால் போதும்.

எந்த வயதில் செய்யலாம்?

அவசரம் இல்லை, இழுத்தடிக்கவும் வேண்டாம். பலர் குழந்தைக்கு ஒரு வயது ஆகட்டும் என்கிறார்கள். சிலர் அதற்கு முன்பே செய்கிறார்கள். மயக்க மருந்து நிபுணரின் அனுபவத்தையும் குழந்தையின் எடையையும் பொறுத்தது அது. சீழ் பிடித்திருந்தால் முதலில் ஆன்டிபயாடிக், பிறகு குறைந்தது ஆறு வாரம் இடைவெளி, அப்புறம்தான் அறுவை.

இரண்டாம் வளைவு ஃபிஸ்டுலாவை எப்படி எடுக்கிறார்கள்?

முதலில் அந்தக் குழாய் போகும் பாதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். கழுத்தின் அடியில் தோலில் தொடங்கி, தசைக்கு அடியில் மேலேறி, மூளைக்கும் முகத்துக்கும் ரத்தம் கொண்டுபோகும் இரண்டு கரோட்டிட் தமனிகளுக்கு நடுவே புகுந்து, நாக்கை அசைக்கும் நரம்பைத் தாண்டி, டான்சில் இருக்கும் குழியில் போய்த் திறக்கிறது. எல்லாக் குழந்தைக்கும் கடைசி வரை போகாது. நிறையப் பேருக்குப் பாதி வழியிலேயே முடிந்துவிடும்.

குழந்தையைத் தூங்க வைத்து, தோளுக்கு அடியில் ஒரு துணிச் சுருள் வைத்துக் கழுத்தை நிமிர்த்துவார்கள். துளைக்குள் கண்ணீர்க் குழாயைத் துழாவும் மெல்லிய கம்பியையோ கெட்டியான தையல் நூலையோ நுழைப்பார்கள். சிலர் மெத்திலீன் நீலச் சாயம் ஏற்றுவார்கள். அளவு கூடிச் சாயம் வெளியே கசிந்தால் கழுத்தே நீலமாகி எதுவும் தெரியாமல் போகும் என்பதால் பலர் கம்பியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பிறகு துளையைச் சுற்றித் தோலில் படுக்கைவாட்டில் கண் வடிவில் சின்னதாக ஒரு கீறல். துளையையும் சுற்றியுள்ள தோலையும் கிளிப்பில் பிடித்து இழுத்துக்கொண்டே, குழாயை ஒட்டியே மேலே போவார்கள். உள்ளே கம்பி இருப்பதால் குழாய் எங்கே போகிறது என்று விரலுக்குத் தெரியும். மயக்க மருந்து நிபுணர் வாய் வழியாக விரலை விட்டு டான்சில் குழியைக் கீழே அழுத்திக் கொடுப்பதும் உண்டு. அப்படிச் செய்தால் எட்டாத மேல்முனையும் கைக்கு வந்துவிடும். அதன் அடியில் கட்டுப்போட்டு அறுப்பார்கள்.

குழந்தை பெரியதாக இருந்து கை எட்டவில்லை என்றால், தாடைக்குக் கீழே தோல் மடிப்பில் இரண்டாவதாக ஒரு சின்ன வெட்டு போட்டு, விடுவித்த குழாயை அதன் வழியே வெளியே எடுத்துத் தொடர்வார்கள். ஏணிப்படி முறை என்பது இதுதான். சின்னக் குழந்தைகளுக்குக் கழுத்தே குட்டையாக இருப்பதால் பெரும்பாலும் ஒரே வெட்டில் முடிந்துவிடுகிறது.

கீஹோல் முறையில், தழும்பே இல்லாமல் செய்ய முடியாதா?

செய்கிறார்கள். அந்த ஒற்றை வெட்டு வழியாகவே எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டு, மேல்பகுதியைத் திரையில் பெரிதாகப் பார்த்துக்கொண்டு பிரிப்பது ஒரு வழி. காதுக்குப் பின்னால் முடியோரத்தில் வெட்டி அங்கிருந்து இறங்குவது இன்னொரு வழி. பெரிதும் சிஸ்ட் வகைக்கு இது பொருந்தும். தோலில் ஏற்கெனவே துளை இருக்கும் குழந்தைக்கு அந்தத் துளையை எப்படியும் எடுத்துத்தான் ஆக வேண்டும், ஆகவே கழுத்தில் வெட்டே இருக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

என் கருத்தைக் கேட்டால், இந்த வகைக்கு அனுபவமுள்ள கை, மடிப்பில் போடும் ஒரே வெட்டு, இது போதும். ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் கோடு குழந்தைக் கழுத்தில் நன்றாக ஆறிவிடும். அதை மறைப்பதற்காக இன்னொரு இடத்தில் நீளமாக வெட்டி, தோலுக்கு அடியில் தூரமாகச் சுரங்கம் போட்டு வருவதில் குழந்தைக்கு என்ன லாபம் என்று எனக்குப் புரிந்ததில்லை. உண்மையிலேயே எண்டோஸ்கோப்பால் பெரிய வித்தியாசம் வந்திருப்பது அடுத்து வரும் பைரிஃபார்ம் வகையில்தான்.

பவுத்திரத்துக்கு நூல் கட்டுவது போல இதற்கும் கட்டலாமா? ஊசி மருந்து?

நூல் வேண்டவே வேண்டாம். பவுத்திரத்தில் நூல் கொஞ்சம் கொஞ்சமாகத் தசையை அறுத்துக்கொண்டு வெளியேறுகிறது. இங்கே நூலுக்கும் தோலுக்கும் நடுவே கரோட்டிட் தமனி இருக்கலாம். ஊசி மருந்து விஷயம் வேறு. பிளியோமைசின் போன்ற மருந்துகளை நிணநீர்க் கட்டிகளுக்குள் செலுத்தி நல்ல பலன் பார்த்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கழுத்துக் கட்டி ஊசியிலேயே கரைந்தது என்றால் பெரும்பாலும் அது அந்த வகை. இரு பக்கமும் திறந்த குழாயில் ஊற்றும் மருந்து தொண்டைக்குப் போய்விடும்.

இடது கழுத்தில் மூன்றாவது முறையாகச் சீழ். ஒவ்வொரு முறையும் கீறி விடுகிறார்கள், திரும்ப வருகிறது. என்ன செய்வது?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத நினைத்தேன். கீறுவதற்கு முன்னால், "உள்ளே தொண்டையில் வழி இருக்கிறதா என்று பார்த்தீர்களா?" என்று கேளுங்கள்.

உணவுக்குழாய் தொடங்கும் இடத்தில், குரல்வளையின் இரு பக்கமும் பேரிக்காய் வடிவத்தில் ஒரு குழி உண்டு. அதன் அடியிலிருந்து ஒரு மெல்லிய வழி கிளம்பி, தைராய்டுச் சுரப்பியின் இடது மேல்முனைக்குப் பக்கத்தில் போய் முட்டி நிற்கிறது. சளி பிடிக்கும்போது எச்சிலும் கிருமியும் அதற்குள் இறங்கி, தைராய்டைச் சுற்றிச் சீழ் வைக்கிறது. பத்தில் ஒன்பதுக்கு மேல் இடது பக்கம்தான். தைராய்டுச் சுரப்பியில் சீழ் பிடிப்பது பொதுவாக அரிது, அதற்குச் சொந்த உறையும் நல்ல ரத்த ஓட்டமும் அயோடினும் இருக்கின்றன. ஆகவே ஒரு குழந்தைக்கு இடது தைராய்டில் சீழ் என்றாலே இந்த வழியைத் தேட வேண்டும். 1979-ல் ஜப்பானிய மருத்துவர்கள் இந்தத் தொடர்பை லான்செட் இதழில் எழுதினார்கள். அத்தனை வருடம் ஆகியும் குழந்தைகள் இன்னும் நாலைந்து தழும்புகளோடு வருகிறார்கள்.

2009-ல் வெளியான, 526 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டிய ஒரு தொகுப்பைப் பாருங்கள். வெறுமனே கீறிச் சீழை வெளியேற்றியவர்களில் 89 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது. கழுத்தைத் திறந்து குழாயை எடுத்தவர்களுக்கு 15 சதவீதம். கழுத்தை வெட்டாமல், வாய் வழியாக உள்துளையைச் சுட்டு மூடியவர்களுக்கும் அதே 15 சதவீதம். திறந்த அறுவையின் பக்கவிளைவுகள் பெரும்பாலும் எட்டு வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கு வந்தன என்பதையும் சேர்த்துக்கொண்டால், சின்னப் பிள்ளைக்கு முதலில் எதை முயல வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அந்த உள்துளையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

சீழ் இருக்கும்போது அல்ட்ராசவுண்டும் சி.டி. ஸ்கேனும் சீழின் அளவைக் காட்டும். தைராய்டுக்குப் பக்கத்தில் காற்றுக் குமிழி தெரிந்தால் அது பெரிய துப்பு. பேரியம் குடிக்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரேயைத் தொற்று முழுக்க அடங்கி ஆறு முதல் எட்டு வாரம் கழித்து எடுக்க வேண்டும். வீக்கத்தில் வழி மூடிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் "ஒன்றுமில்லை" என்று வந்துவிடும், அந்தக் காகிதத்தை நம்பி அடுத்த ஒரு வருடம் வீணாகும். பேரியத்தில் தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது. மயக்கத்தில் வைத்து நேராக எண்டோஸ்கோப்பில் பார்ப்பதுதான் கடைசித் தீர்ப்பு.

சுட்டு மூடுவது என்றால் என்ன?

குழந்தை முழு மயக்கத்தில் இருக்கும். வாய் வழியாக லாரிங்கோஸ்கோப்பை விட்டுக் குரல்வளையைத் தூக்கிப் பிடித்தால் அந்தக் குழியின் தரை தெரியும். அங்கே மடிப்புக்குள் ஒரு சின்னத் துளை. சில சமயம் வெளியே கழுத்தை அழுத்தினால் அதிலிருந்து ஒரு சொட்டுச் சீழ் எட்டிப் பார்க்கும், அப்போது சந்தேகமே இல்லை. துளைக்குள் மெல்லிய மின்முனையை விட்டுச் சில நொடிகள் சுடுவார்கள். அல்லது டிரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தில் தொட்ட சிறு பஞ்சை உள்ளே வைத்து, அந்த இடம் வெளுக்கும் வரை ஒற்றுவார்கள். சில்வர் நைட்ரேட், லேசர் ஆகியவற்றையும் சிலர் பயன்படுத்துகிறார்கள். மின்சூட்டு முறை 1998-ல் வெளியான பிறகுதான் இது பரவியது. உள்படலம் புண்ணாகி, ஆறும்போது ஒட்டி மூடிக்கொள்ளும். குழாய் முழுவதையும் எடுக்காவிட்டாலும் எச்சில் இறங்கும் வாசல் அடைபட்டுவிடுகிறது.

அமிலமா மின்சாரமா என்பதில் மருத்துவர்களிடையே சண்டை உண்டு. குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால், ஆழமாகப் பாயும் சூட்டைவிட மேலோட்டமாக வேலை செய்யும் அமிலம் மேல் என்பது ஒரு கட்சி. எதில் கை பழகியிருக்கிறதோ அதையே செய்யட்டும் என்று விடலாம்.

ஒருமுறை செய்தால் போதுமா?

பெரும்பாலோருக்குப் போதும். சிலருக்கு இரண்டாவது முறை சுட வேண்டியிருக்கும். சில மருத்துவமனைகளில் சில வாரம் கழித்து மறுபடி எண்டோஸ்கோப்பில் பார்த்து, திறந்திருந்தால் அப்போதே மறுபடி ஒற்றிவிடுகிறார்கள். வாயில் கீறல் இல்லை, கழுத்தில் தையல் இல்லை என்பதால் திரும்பச் செய்வது எளிது. அப்படியும் வந்துகொண்டே இருந்தால் கழுத்தைத் திறந்து, தேவைப்பட்டால் தைராய்டின் ஒரு சிறு பகுதியோடு எடுக்க வேண்டியிருக்கும். செய்த சில நாட்களுக்குக் குரல் கரகரப்பாக இருந்தால் பொதுவாகச் சரியாகிவிடும். தண்ணீர் குடிக்கும்போது புரையேறினாலோ அழுகைச் சத்தம் மெலிந்தே இருந்தாலோ சொல்லுங்கள்.

பிறந்த குழந்தைக்கே இது வருமா?

வரும், அப்போதுதான் உண்மையான அவசரம். இடது கழுத்தில் காற்றும் திரவமும் நிறைந்த பை பெருத்து மூச்சுக்குழாயைத் தள்ளும். மூச்சு இழுக்கும்போது சத்தம், பால் குடிக்க முடியாமை. இதற்கு வீட்டில் காத்திருக்கக் கூடாது. எந்த வயதிலும் கழுத்து வீக்கத்தோடு மூச்சுத் திணறல், எச்சில் விழுங்க முடியாமல் வடிதல், கழுத்தைத் திருப்ப முடியாமை, கடும் காய்ச்சல் இருந்தால் இரவானாலும் கிளம்பிவிடுங்கள்.

நடுக்கழுத்துக் கட்டி?

அது தைரோகுளாசல் நாளம். தைராய்டு நாக்கின் அடியிலிருந்து கழுத்துக்கு இறங்கி வந்த தடம். நாக்கை நீட்டினால் கட்டி மேலே ஏறும். இதில் பிறக்கும்போதே துளை இருப்பதில்லை. சீழ் பிடித்து உடைந்தாலோ யாராவது கீறி விட்டாலோதான் துளை ஆகிறது. 1920-ல் மேயோ கிளினிக்கின் வால்டர் சிஸ்ட்ரங்க் சொன்ன முறைதான் இன்றும் நிலைத்திருக்கிறது: கட்டியோடு, நாக்குக்குக் கீழே கழுத்தில் இருக்கும் ஹையாய்டு என்ற சிறு எலும்பின் நடுத்துண்டையும் நாக்கின் அடிவரை உள்ள தடத்தையும் சேர்த்து எடுப்பது. எலும்பை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் எடுத்தால் திரும்ப வரும் வாய்ப்பு மிக அதிகம். எலும்பை எடுத்தால் பேச்சு, விழுங்குதல் எதுவும் கெடாது. அறுவைக்கு முன் அல்ட்ராசவுண்டில் தைராய்டு தன் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். சிலருக்கு அந்தக் கட்டியே அவர்களிடம் உள்ள ஒரே தைராய்டாக இருந்துவிடும்.

தாடைக் கோணத்தில் துளை இருந்தால்?

அங்கே சிறிய வெட்டை வற்புறுத்தாதீர்கள். முதல் வளைவின் குழாய் முகத்தை அசைக்கும் நரம்போடு பின்னிக் கிடக்கும். நரம்பைக் கண்ணால் பார்த்து, மானிட்டரில் கண்காணித்துக்கொண்டு எடுப்பதற்கு எவ்வளவு பெரிய வெட்டு தேவையோ அவ்வளவும் போடட்டும். வாய் ஒரு பக்கம் கோணாமல் இருப்பது தழும்பைவிட முக்கியம். காதுக்கு முன்னால் மேலே இருக்கும் சின்னக் குழி இதில் சேராது. சீழ் வைக்காத வரை அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம்.

இரண்டு பக்கமும் துளை இருக்கிறது. அப்பாவுக்கும் உண்டு.

அப்படியானால் காதுக் கேட்புச் சோதனையும் சிறுநீரக அல்ட்ராசவுண்டும் செய்துவிடுங்கள். கழுத்து, காது, சிறுநீரகம் மூன்றையும் பாதிக்கும் ஒரு பரம்பரைக் கோளாறு உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் வர இரண்டில் ஒரு வாய்ப்பு. காது கேட்கும் குறையைப் பேச்சு வரும் வயதுக்கு முன்பே பிடித்துவிட்டால் குழந்தைக்குப் பெரிய லாபம்.

அறுவை அன்று எவ்வளவு நேரம் பட்டினி?

பொதுவாகத் திட உணவுக்கும் பசும்பாலுக்கும் ஆறு மணி நேரம், தாய்ப்பாலுக்கு நான்கு மணி நேரம். தண்ணீருக்கு ஒன்றிரண்டு மணி நேரம் போதும். நள்ளிரவிலிருந்தே எதுவும் கொடுக்காமல் குழந்தையைக் காயப்போடத் தேவையில்லை. நேரத்தை மயக்க மருந்து நிபுணரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சளி, இருமல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், தள்ளிப்போட்டால் போகட்டும். உள்வழியில் சுட்டவர்களைச் சில மணி நேரமோ ஒரு நாளோ வாய்வழி உணவில்லாமல் வைத்து, பிறகு பால், ஆறிய கஞ்சி என்று தொடங்குவார்கள்.

எங்கே போவது? அங்கே என்ன கேட்பது?

பொது அறுவை சிகிச்சைக்கு அல்ல, குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவு அல்லது குழந்தைகளைப் பார்த்துப் பழகிய காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை போன்ற இடங்களிலும் பெரிய அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் இந்தப் பிரிவு உண்டு. பழைய ஸ்கேன், சீழில் என்ன கிருமி என்று பார்த்த கல்ச்சர் அறிக்கை, எந்தெந்தத் தேதியில் கீறினார்கள் என்ற விவரம் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். இந்த வகையை இதற்கு முன் செய்திருக்கிறீர்களா, குழாயை எதுவரை பின்தொடர்வீர்கள், தொண்டையை எண்டோஸ்கோப்பில் பார்ப்பீர்களா, எடுத்ததைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா என்று கேளுங்கள். வெட்டு எத்தனை சென்டிமீட்டர் என்பதைக் கடைசியாகக் கேட்டால் போதும்.